நான் உடைத்ததாகச் சொல்லப்படும் விமானம்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு விமானத்தின் உடல் கிடக்கிறது. அதன் இறக்கைகள் தனியே ஒரு பழைய தலையணையுறைக்குள் இருக்கின்றன. வீட்டுக்கு வருகிறவர் யாரேனும் அதைக் கண்டு விசாரித்தால், இவள் போட்டு உடைத்தது என்று என்னைச் சுட்டிக் காட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போவது எங்கள் குடும்ப வழக்கம். அதை வாங்கியவர் என் மாமா. ஞாயிறு தவறாமல் அதைத் தரையில் மோதவிட்டவரும் அவரே. நான் அதைச் செலுத்தியது என் வாழ்நாளில் ஒரே ஒரு முறை. அதுவும் ஒரு தும்மல் போடும் நேரம். ஆயினும் ஒரு பொருளைக் கடைசியாகக் கையில் வைத்திருந்தவரின் பெயரைத்தான் குடும்பங்கள் நினைவில் வைத்துக்கொள்கின்றன.

மாமா என் தாயின் தம்பி. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு நிறுவனத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தவர், அந்த வேலை போனதும், இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவதாகச் சொல்லி ஒரு பையோடு தாம்பரத்துக்கு எங்கள் வீட்டிற்கு வந்தார். அந்த இரண்டு நாள் கோடை விடுமுறையைக் கடந்தது, பள்ளி திறந்தது, காலாண்டுத் தேர்வும் முடிந்தது. என் அறை அவருடைய அறையாயிற்று. அதன் கதவு பெரும்பாலும் மூடியே கிடந்தது. என் சொந்தப் பாடநூலை எடுப்பதற்கும் நான் தட்டிவிட்டுக் காத்து நிற்கவேண்டியிருந்தது. வேலைக்குப் போகாத ஒருவருக்கு அவ்வளவு தூக்கம் எப்படி வருகிறது என்பது எனக்குப் புரியவில்லை. அதைக் கேட்டதற்காக அம்மாவிடம் ஓர் அடியும் வாங்கினேன்.

ஒருநாள் நீண்ட அட்டைப்பெட்டி ஒன்று வந்து இறங்கியது. உள்ளே, தெர்மாக்கோலால் ஆன, ரிமோட்டால் இயங்கும் விமானம். பழகுநர்க்கு ஏற்றது, எளிதில் விழாது என்று பெட்டியின்மீது அச்சிட்டிருந்தார்கள். அம்மா அதைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"ஏண்டா, வானத்துல ஓட்டுறது இருக்கட்டும். கீழ ஒரு வேலையை எப்ப தேடப்போற?"

அந்நாட்களில் மாமா எதற்குமே மறுமொழி சொல்வதில்லை. ஆனால் மறுநாள் விடியலில் எங்கள் எல்லாருக்கும் முன்னதாக எழுந்து, கூடத்தின் நடுவில் அமர்ந்து இறக்கைகளைப் பொருத்திக்கொண்டிருந்தார். நான் எதிரே போய் உட்கார்ந்தேன். அப்போது அவர் ஒரு வாக்குறுதி தந்தார்.

"நான் ஒரு தடவை நேரா இறக்கிட்டேன்னா, அடுத்தது நீதான் பாப்பா."

என் துன்பங்கள் அனைத்திற்கும் அந்த ஒரு வாக்கியமே தொடக்கம்.

தாம்பரத்தில் அந்த விமானத்தைப் பறக்கவிட வழியில்லை. விமானப்படைத் தளம் அருகிலேயே இருக்கிறது. அவர்களுடைய பயிற்சி விமானங்கள் எங்கள் மொட்டைமாடிக்கு நேர்மேலே வட்டமிட்டுக்கொண்டிருக்கும். ஆகவே எனக்கான பாடம் விமானமில்லாமலேயே நடந்தது. பேட்டரி கழற்றிய ரிமோட்டைக் கையில் கொடுத்து, மேலே போகும் விமானம் எப்பக்கம் சாய்கிறதோ அப்பக்கம் ரிமோட்டின் குச்சியைத் தள்ளச் சொன்னார் மாமா. விமானம் நம்மைவிட்டு விலகும்போது அதன் வலப்பக்கமும் நம் வலப்பக்கமும் ஒன்று. அது நம்மை நோக்கித் திரும்பிவிட்டால் அதன் வலம் நமக்கு இடமாகிவிடும். புதியவர்கள் விமானத்தை இழப்பது இந்த இடத்தில்தான். நான் நாள்தோறும் மாலையில் விமானப்படையின் விமானங்களை உயிரற்ற ரிமோட்டால் செலுத்திப் பத்திரமாகத் தளத்தில் இறக்கிவிட்டே வீட்டுப்பாடம் எழுதச் சென்றேன். என் பொறுப்பில் ஒன்றுகூட விழவில்லை என்பதைப் பின்னால் வரப்போகும் குற்றச்சாட்டை முன்னிட்டு இங்கேயே பதிவு செய்கிறேன்.

உண்மையான விமானத்தைப் பறக்கவிட நாங்கள் ஞாயிறுதோறும் வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம் போகும் சாலையில், விற்காமல் கிடந்த ஒரு மனைப்பிரிவிற்குச் சென்றோம். மஞ்சள் பூசிய எல்லைக்கற்களும், கம்பங்களில் படபடக்கும் வண்ணக்கொடிகளும், நுழைவாயிலில் ஒரு பெரிய வளைவும் தவிர அங்கே வேறெதுவும் இல்லை. ஸ்கூட்டரின் பின்னிருக்கையில் நான் விமானத்தைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு அமர்வேன். ஒவ்வொரு பேருந்து கடக்கும்போதும் அது என்னையும் தூக்கிக்கொண்டு பறக்கப் பார்க்கும். தரையில் இருந்தபோது அந்த விமானம் காட்டிய ஆர்வத்தில் பாதியைக்கூட வானத்தில் காட்டியதில்லை.

நுழைவாயிலில் குடை விரித்து, வரைபடத்தோடு மனைத்தரகர் ஒருவர் அமர்ந்திருப்பார். மனை பார்க்க யாரும் வராத காரணத்தால், வந்த எங்களையே அவர் வாங்குவோராக வரித்துக்கொண்டார். மாமா ரிமோட்டின் ஆண்டெனாவை நிமிர்த்துகிறபோதெல்லாம் அவர் அருகில் வந்து நின்றுகொள்வார்.

"சார், கார்னர் பிளாட் ஒண்ணு கீது. நல்ல தண்ணி. யோசிச்சிக்கினே இருந்தா வேற ஆளு அட்ச்சிக்கினு போய்டுவான்."

நான் விமானத்தைத் தலைக்குமேல் உயர்த்திக்கொண்டு ஓடி எறியவேண்டும், மாமா செலுத்தவேண்டும். முதல் ஞாயிறு அது அழகாகவே எழுந்தது. திரும்பி எங்களை நோக்கி வந்தது. மாமாவுக்கு வலமும் இடமும் மாறிப்போயின. விமானம் வால் முறிந்து விழுந்தது. மாமா வாலைப் பசையால் ஒட்டினார். உறுதி போதாதென்று ஐஸ் குச்சிகளை வைத்துக் கட்டினார். அதன்மேல் பழுப்பு நிற டேப்பைச் சுற்றினார். அடுத்த ஞாயிறு அது என் கையைவிட்டு எழுந்ததுமே, மேலிருந்து யாரோ அழைத்ததைப்போல் மூக்கை உயர்த்தியது. அப்படியே ஒரு கணம் நின்றது. பிறகு மனம் மாறியதுபோல் பின்னோக்கிச் சரிந்தது. மீண்டும் வால் முறிந்தது. மீண்டும் பசை, குச்சி, டேப். அதற்கடுத்த ஞாயிறும் அதே அழைப்பு, அதே மனமாற்றம்.

இதில் என்னை மிகவும் வாட்டியது விழுவதன்று, விழுந்தபின் நடந்தது. மாமா துண்டுகளைப் பொறுக்குவார். வழியெல்லாம் பேசமாட்டார். வீட்டிற்கு வந்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அம்மா மூடிவைத்த சோற்றுத்தட்டு மூடியபடியே திரும்பி வரும். திங்களும் செவ்வாயும் அந்த வீட்டில் அவர் இருப்பதற்கு அடையாளமே இருக்காது. புதன் அல்லது வியாழன், உள்ளேயிருந்து டேப் சரசரவென்று கிழியும் ஓசை கேட்கும். அம்மா கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு, அந்த ஓசை மீண்டும் கேட்கிறதா என்று நிற்பாள். எனக்கோ, ஒரு வாரத்தில் பாதியை இந்த மனிதர் உறங்கியே வீணாக்குகிறாரே, என் முறை எப்போது வரும் என்ற எரிச்சல்தான்.

ஒருநாள் அம்மா அப்பாவிடம் அடுக்களையில் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அது விழுந்தா இவனும் விழுந்துடுறான். எடுத்துக் குப்பையில போடலாம்னா, அதுக்காகத்தான் எழுந்தே உக்கார்றான். நான் என்னங்க பண்ணட்டும்?"

அப்பா என்ன சொன்னாரோ, கேட்கவில்லை.

அதற்குப் பின்வந்த சனிக்கிழமை பிற்பகல், மாமா உறங்கும்போது, அம்மா விமானத்தை மடியில் குழந்தையைப்போல் மல்லாத்தி வைத்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். அதன் மூக்குப்பக்கம் பேட்டரி செருகும் அறை ஒன்று உண்டு. அந்த அறையின் ஆழத்தில், பேட்டரிக்கும் அப்பால், ஒரு மஞ்சள் துணிமுடிச்சைக் கரண்டிக் காம்பால் அவள் தள்ளிக்கொண்டிருந்தாள். பதினொரு ஒற்றை ரூபாய் நாணயங்களை முடிந்திருந்தாள் என்பதை, பதினொன்று போக மீந்தது என்று சொல்லி ஒரு நாணயத்தை எனக்குக் கொடுத்து வாயை அடைத்தபோது தெரிந்துகொண்டேன்.

"குன்றத்தூர் முருகனுக்கு வேண்டிக்கிட்டேன். மாமாகிட்ட மூச்சு விடாதே. அவனுக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாது. எடுத்து வெளிய வெச்சிடுவான்."

நான் மூச்சு விடவில்லை. ஆனால் உள்ளூர வெட்கமாக இருந்தது. நோய் நொடி தீர்வதற்கும் தேர்வில் தேறுவதற்கும் வேண்டிக்கொள்வார்கள். மயிலேறித் திரியும் கடவுளிடம் போய்த் தெர்மாக்கோல் விமானம் விழக்கூடாது என்று வேண்டிக்கொள்வதா?

மறுநாள் விமானம் பறந்தது. என் கையிலிருந்து கிளம்பி, மூக்கை உயர்த்தாமல், கயிற்றில் கட்டி இழுத்ததுபோல் நேரே போயிற்று. மாமா அதைத் திருப்பினார். அது எங்களை நோக்கி வந்தபோது வலமும் இடமும் மாறாமல் பார்த்துக்கொண்டார். கொடிக்கம்பங்களுக்கு மேலாக ஒரு வட்டம் அடித்து, எல்லைக்கற்களுக்கிடையே சறுக்கிக்கொண்டு வந்து நின்றது. தரகரும் குடையை விட்டுவிட்டு ஓடிவந்தார். மாமா அதைக் கையிலெடுத்து வாலைத் தடவிப் பார்த்தார். பிறகு, இறக்கையைப் பொருத்தும் கோணத்தை முந்திய இரவு ஒரு நூலளவு மாற்றியதாகவும், வெற்றிக்குக் காரணம் அதுவே என்றும் எனக்கு விளக்கத் தொடங்கினார். வண்டலூர் தாண்டும்வரை அந்தக் கோணத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். நான் மஞ்சள் முடிச்சை நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

நேராக இறக்கியாயிற்று, ஆகவே அடுத்தது நான். ஆனால் மாமா, இன்னும் ஒரே ஒரு முறை என்றார். அடுத்த ஞாயிறும் அதையே சொன்னார். பெரியவர்களின் வாக்குறுதிகளில் எப்போதுமே இப்படியொரு பின்கதவு இருக்கும். இதற்கிடையில் அவர் முகம் மழிக்கத் தொடங்கினார். திங்கட்கிழமைகளில் என் அறையின் கதவு திறந்திருந்தது. அம்மாவிடம் சாம்பாரில் உப்புக் குறைவு என்று சண்டையிட்டார். அம்மா திருப்பித் திட்டினாள், ஆனால் திட்டும்போது சிரித்தாள். சட்டையை இஸ்திரி செய்து போட்டுக்கொண்டு எங்கெங்கோ போய்வந்தார். ஒரு மாலை, கேளம்பாக்கத்தில் ஒரு சிறு நிறுவனத்தில் வேலை கிடைத்துவிட்டதாகவும், திங்களன்று சேரவேண்டும் என்றும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ரிமோட் உன் கையில்தான் என்று என் தலையில் கைவைத்து ஆணையிட்டார்.

வெள்ளிக்கிழமை அம்மா என்னைக் குன்றத்தூருக்கு அழைத்துச் சென்றாள். மலைப்படிகளை ஏறித் தொழுதபின், இடுப்பில் செருகியிருந்த மஞ்சள் முடிச்சை எடுத்தாள். கொண்டை ஊசியால் எப்போது அதை வெளியே இழுத்தாளோ, எனக்குத் தெரியாது. உண்டியலுக்குள் நாணயங்கள் விழுந்த ஓசை கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஞாயிறன்று என் முறை. அதற்குள் காவலை எடுத்துவிட்டாயே என்று படியிறங்கும்போதெல்லாம் அவளைக் குடைந்தேன்.

"வேண்டுதல் பலிச்சிடுச்சு, செலுத்திட்டேன். இனிமே அது அங்க எதுக்குடி?" என்றாள், அவ்வளவு எளிய செய்தியையும் விளக்கவேண்டியிருக்கிறதே என்ற சலிப்போடு.

ஞாயிறு வந்தது. மாமா எறிந்தார், நான் செலுத்தினேன். விமானம் மூக்கை உயர்த்தியது. அதைத் தாழ்த்த, மொட்டைமாடியில் பழகியபடியே குச்சியை முன்னே தள்ளினேன். ஒரு மூச்சு நேரம் பணிந்தது. பிறகு பழைய அழைப்பு கேட்டுவிட்டது போலும், மீண்டும் நிமிர்ந்தது, நின்றது, மனம் மாறியது. எல்லைக்கல் ஒன்றின்மீது விழுந்து மூன்று துண்டுகளாயிற்று.

நான் மாமாவைப் பார்க்கப் பயந்து நின்றேன். தரகர் துண்டுகளைச் சுற்றிவந்து, வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"அப்பவே ஒரு பிளாட் வாங்கிப் போட்டிருந்தா, உன் சொந்த எடத்துலயே வுழுந்திருக்கும் சார்."

மாமா சிரித்தார். நிற்க முடியாமல் எல்லைக்கல்லின்மேல் உட்கார்ந்து, கண்ணீர் வழியச் சிரித்தார். தரகரும் சேர்ந்துகொண்டார். நான் மட்டும் அழுதேன். வழியெல்லாம் மாமா பாடிக்கொண்டே வண்டியோட்டினார். வாசலில் நின்ற அம்மா, என்னையும் என் கையிலிருந்த துண்டுகளையும் விட்டுவிட்டு, முதலில் மாமாவின் முகத்தைப் பார்த்தாள். அன்று அவர் இரண்டு முறை சோறு கேட்டுச் சாப்பிட்டார். யாரும் அந்த விமானத்துக்காக வருந்தவில்லை. முருகனின் காவலை என் முறைக்கு முன்பே எடுத்துவிட்டார்கள் என்று, மாமா குளிக்கப் போன நேரம் பார்த்து, நான் கத்தினேன். அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவுக்கு மட்டும் அது கேட்டது, அவளும் கேட்காததுபோல் இருந்துவிட்டாள்.

கல்லூரியில் படித்தபோது ஒரு விடுமுறையில், பரணைத் துப்புரவு செய்யும் சாக்கில் அந்த விமானத்தை இறக்கினேன். துண்டுகளைச் சேர்த்து, பழைய பேட்டரியைச் செருகி, இறக்கைகளைப் பொருத்தி, அவற்றின் அடியில் இரண்டு விரல்நுனிகளால் தாங்கிப் பார்த்தேன். வால் தொப்பென்று சாய்ந்தது. பசையும் குச்சியும் டேப்பும் வாரந்தோறும் சேர்ந்து வாலைக் கனக்கச் செய்திருந்தன; மூக்கு மேலெழுந்தது அதனால்தான். அலமாரிச் சாவிக்கொத்தை எடுத்து மூக்கிற்குள் போட்டேன். விமானம் தராசு முள்போல் சமனாக நின்றது. பறக்கச் செய்தது கோணமும் அன்று, வேலவனும் அல்லன். பதினொரு ரூபாயின் எடை. அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு நான் குற்றமற்றவள் என்று தீர்ப்பாகிவிட்டது. சாவிக்கொத்தும் விமானமுமாக அம்மாவிடம் ஓடி, அவள் முடிச்சு விமானத்துக்கு என்ன செய்தது, அதை எடுத்தது எனக்கு என்ன செய்தது என்பதை முறையாக எடுத்துரைத்தேன்.

அம்மா வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"அதை பிளேனுக்கு முடிஞ்சேன்னு உனக்கு யார் சொன்னா?"

நான் சாவிக்கொத்தை மூக்கிலிருந்து எடுத்தேன். வால் மறுபடியும் சாய்ந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அழுதுகொண்டிருந்தபோது மாமாவும் அம்மாவும் எப்படி அவ்வளவு இலேசாக இருந்தார்கள் என்று இத்தனை ஆண்டுகளாக மனத்தாங்கலோடு இருந்தவள் நான். அன்று கீழே விழுந்தது விமானம் மட்டுந்தான் என்பது அவர்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை.