அப்பாவின் குடும்பம் டிவிக்கு வந்தபோது

எழுபதுகளில் எங்கள் எஸ்டேட்டில் டிவி கிடையாது. காபிக்கொட்டை காயவைக்கும் களத்தில், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் அம்மாவும் நாடகம் போடுவார்கள். அப்பா எஸ்டேட் ரைட்டர். கணக்கு எழுதுவது வேலை, ஆட்களைச் சிரிக்கவைப்பது ஆசை. ஒவ்வொரு தடவையும் அதே குடும்பம்தான், வம்பு மட்டும் புதிது. எதற்கெடுத்தாலும் சந்தேகப்படும் புருஷன், அவனை ஒரே வார்த்தையில் மடக்கும் பெண்டாட்டி. மலையில் தூரத்திலிருக்கும் வாழவந்தி கிராமத்திலிருந்துகூட ஆட்கள் நடந்து வந்து பார்ப்பார்கள். வசனம் எதையும் அவர்கள் எழுதிவைத்ததில்லை. முதல் நாள் அடுப்படியில் பேசிக்கொள்வதோடு சரி.

அப்பா காலமாகிச் சில வருஷம் கழித்து, தொண்ணூறுகளில், மலை டவுனில் ஒண்டிக்கடை முக்கில் கேபிள் டிவி நடத்திய ஓர் இளைஞன் எங்கள் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தினான். சொந்த ஊர் அடிவாரத்துக் குப்பனூர் என்றான்.

"அந்தக் களத்து நாடகத்த நம்ம லோக்கல் சேனல்ல வாராவாரம் போடலாம்னு இருக்கறேனுங்கம்மா. இப்பத்த பசங்களுக்கு ஏத்தாப்புல."

அம்மா காபி கொடுத்தாள், கதை கொடுக்கவில்லை. "ஏனுங்க தம்பி, இந்த மலையில வேற குடும்பமே இல்லீங்களா?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்கும் பிடிக்கவில்லை. கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்கப்பாவும் அம்மாவும் நெசத்துல எப்படிங்க சண்ட போடுவாங்க?" என்று கேட்டான். அது இவனுக்கு எதற்கு? எங்கள் வீட்டுச் சண்டையைச் சந்தி சிரிக்கவைக்கத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன்.

ஆனாலும் அடுத்த வாரமும் வந்தான், அதற்கடுத்த வாரமும் வந்தான். அம்மா மெல்ல மெல்லக் கதை சொன்னாள். எதற்கும் முடிவை மட்டும் சொல்லவில்லை. "படம் புடிக்கறப்ப கூப்புடுங்க, வந்து சொல்றேன்" என்றாள்.

அவன் கூப்பிடவில்லை. டவுனில் ஒரு வீட்டில் படப்பிடிப்பு நடக்கிறது என்று பஸ் கண்டக்டர்தான் எங்களிடம் சொன்னார். "நான் அப்பவே நெனச்சேன்" என்று அம்மா புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். நானும் கூடப் போனேன்.

நாங்கள் உள்ளே நுழைந்தபோது, நடுக்கூடத்தில் புருஷன் வேஷக்காரன் பெண்டாட்டியாக நடித்த சேலத்துப் பெண்ணைக் கன்னத்தில் அறைகிற மாதிரி கையை ஓங்கினான். கேமராவுக்குப் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"ஏனுங்க, நிறுத்துங்க!" என்றாள் அம்மா.

இளைஞன் பதறி ஓடிவந்தான். "இப்பெல்லாம் ஜனங்க இதுக்குத்தாம்மா சிரிக்கறாங்க."

"எங்க ஊட்டுக்காரர் களத்துலயும் கை ஓங்குனதில்ல, ஊட்டுலயும் ஓங்குனதில்ல. கை ஓங்குனா அப்பறம் அது என்னங்க குடும்பம்?"

அம்மா மேஜையிலிருந்த இரண்டு டம்ளர்களை எடுத்தாள். நல்ல காபித்தூளைப் பெண்டாட்டி விருந்தாளிக்கு மட்டும் போட்டுவிட்டாளோ என்று புருஷன் சந்தேகப்படும் கதையைத்தான் அன்று எடுத்துக்கொண்டிருந்தார்கள்; அதன் முடிவைத்தான் அம்மா சொல்லாமல் வைத்திருந்தாள். அப்பாவைப் போலவே தோளைக் குறுக்கிக்கொண்டு விருந்தாளியின் டம்ளரை முகர்ந்தாள், பிறகு தன்னுடையதை. உடனே பெண்டாட்டியாக நிமிர்ந்து, "மோந்து பாத்தது போதுமுங்க. விருந்தாளி டம்ளர கொஞ்சம் விருந்தாளிகிட்ட குடுங்க" என்றாள். எத்தனையோ வருஷம் கழித்து அப்பாவை அங்கே பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. சேலத்துப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். "இன்னொருக்கா செஞ்சு காட்டுங்கம்மா" என்று கிட்டே வந்தாள்.

இளைஞன் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலை அம்மா நம்பவில்லை. "நம்ம முன்னால சரிம்பான், அப்பறம் அடியத்தான் போடுவான் பாரு" என்று பஸ்ஸில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஒளிபரப்பான அன்று பக்கத்து வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்தோம். அடி இல்லை, டம்ளர்தான் இருந்தது. குழந்தைகள் புரண்டு புரண்டு சிரித்தார்கள். அம்மா அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லாத்தான் இருக்குதுல்ல?" என்றேன்.

"இந்த வாரம் சரி. அடுத்த வாரம் என்ன பண்றான்னு பாக்கோணுமில்ல."

அதிலிருந்து ஒரு படப்பிடிப்பையும் அவள் தவறவிடவில்லை. தொடர் சில மாதம் ஓடியது. பிறகு சேலத்துப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானது, தொடரை நிறுத்தப்போவதாக இளைஞன் சொல்ல வந்தான்.

"நெசமாவே கல்யாணந்தானுங்களா? இல்ல, நீங்களே அனுப்பிட்டீங்களா?"

பத்திரிகையைக் காட்டியும் அம்மா சமாதானமாகவில்லை. என்னை இழுத்துக்கொண்டு சேலத்துக்கே போனாள். மண்டபத்தில் அந்தப் பெண் எங்களைப் பார்த்ததும் மாலையோடு மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அம்மா அவள் தலையைத் தடவி, "நொம்ப நல்லா இரு சாமி" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாள்: "மாப்ளப் பையன் எப்படின்னு யார்கிட்டயாச்சும் விசாரி கண்ணு."