சுத்தமான கெமிக்கலில் கருகிய வளைகாப்பு

காபிப்பொடியில் ஃபிலிம் கழுவுகிறவனைப் பார்த்து நீங்களும் சிரிப்பீர்களா? சிரிப்பதென்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். என் அக்கா புருஷன் ஒருவரையே என்னால் தாங்க முடியவில்லை.

இன்ஸ்டன்ட் காபி, துணி துவைக்கிற சோடா, மெடிக்கலில் வாங்கிப் பொடித்த வைட்டமின் சி மாத்திரை. தண்ணீரில் கலக்கினால் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் படம் எழும்பும். எழும்பிய படம் அழியாமல் நிற்கக் கடைசியில் போடும் ஹைப்போ மட்டும்தான் கெமிக்கல் கடைச் சரக்கு. வாடை குடலைப் புரட்டும், உண்மைதான். ஸ்ரீரங்கத்தில் எங்கள் அடுப்படிக்குள் ஃபில்டர் காபி தவிர வேறு காபி நுழைந்ததில்லை. "குடிக்க லாயக்கில்லாத பொடி, கழுவவாச்சும் ஆகட்டும்" என்று அம்மாவே விட்டுவிட்டாள்.

அக்காவின் வளைகாப்பை இரண்டு ரோல் எடுத்தேன். ஃபிலிமில்தான் வேண்டும், ஒருத்தரும் செல்லைத் தூக்கக் கூடாது என்று அவளே சொல்லியிருந்தாள். பந்தி முடிவதற்குள் மாமா இரண்டையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஆள் எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி.

"என் பொண்டாட்டி வளைகாப்ப உன் காபித்தண்ணியில முக்க விடமாட்டேன்டா. நான் ப்யூர் கெமிக்கல்ல பண்றேன்."

"சரி மாமா. ஐஸ் போட்டுத் தண்ணிய ஆறவச்சுக்குங்க. மே மாசம்."

"ரூம் டெம்பரேச்சர்னு புக்லயே போட்டிருக்கு. நீ எனக்குச் சொல்லித் தரியா?"

அந்தப் புத்தகம் எழுதிய ஊரில் ரூம் என்றாலே குளிரும். மாமா வீடு இருக்கும் கைலாசபுரத்தில் மே மாத மாடி டேங்க் தண்ணீரில் டீத்தூள் போட்டால் சாயம் இறங்கும். பவுடரையெல்லாம் தங்கம் மாதிரி நிறுத்தவர், குழாயைத் திறந்து அப்படியே ஊற்றியிருக்கிறார். சூட்டில் டெவலப்பர் வெறிபிடித்து வேலை செய்ததில் முதல் ரோல் முழுக்கக் கரி. சந்தனம் பூசியது, மாமியார் முதல் வளையல் போட்டது, எதுவும் தேறவில்லை.

அக்கா மாமாவைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னங்க ஆச்சு?"

"உன் தம்பி வாங்கினது மட்டமான ஃபிலிம்."

"இன்னொண்ணு இருக்குல்ல, அதையாவது அவன்கிட்ட குடுங்க. நான் கை நெறைய வளையலோட இருக்கறது அதுல மட்டுந்தான்."

"காபிக்கடைக்காரன்கிட்டயா? புதுசா கெமிக்கல் ஆர்டர் போட்டுட்டேன்."

"தண்ணி மாமா, தண்ணி" என்றேன்.

"நீ வாய மூடு."

கட் பண்ணிவிட்டார்.

இரண்டாவது ரோல் இப்போது கைலாசபுரத்தில், அவர் வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கிறது.