டெய்லர் வீட்டு நோயாளி

டெய்லருக்கு வியாதி வராத நாளே கிடையாது. பகலெல்லாம் தையல் மெஷினில் இருப்பார். சாயங்காலம் கடைக்கதவைச் சாத்தியதும் துணி வெட்டும் மேஜைமேல் ஏறிப் படுத்து முனக ஆரம்பித்துவிடுவார். ஒரு நாள் ஆஸ்துமா, மறுநாள் குடல்வால் வீக்கம், அடுத்த நாள் பித்தப்பைக் கல்.

எல்லாம் மனைவியின் பயிற்சிக்காகப் போடும் நடிப்பு. டாக்டர் படிப்பை முடித்தவள், நோயாளியை நேரில் சோதித்துச் சொல்லும் தேர்வில் மட்டும் போன தடவை கோட்டைவிட்டுவிட்டாள். "நோயாளி உட்காருமுன்னே நோயை முடிவு பண்ணிவிடுகிறீர்கள்" என்றார் தேர்வாளர். அவளுக்கு இருப்பது இன்னும் ஒரே வாய்ப்பு.

நோயாளியாக டெய்லர் மகா கறார். அவள் கை கழுவாமல் வந்தால் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வார்.

"என்னங்க இது, சின்னப் பிள்ளை மாதிரி?"

"கை கழுவினா ஒரு மார்க். யாருன்னு சொன்னா இன்னொரு மார்க். நீங்க யாரும்மா?"

"உங்க பொண்டாட்டி."

"அது பரீட்சைல செல்லாது."

வலி விஷயத்தில் மட்டும் அவர் வள்ளல். ஒரு வலியைக் கேட்டால் மூன்றை எடுத்து நீட்டுவார்.

அன்றைக்கு அவருக்கு யூரிக் ஆசிட் மூட்டுவலி. கால் பெருவிரலில் துணியில் கோடு போடும் சாக்பீஸால் சிவப்பு பூசிக்கொண்டு, "போர்வை பட்டாக்கூட உயிர் போகுது டாக்டர்!" என்று அலறியபோது, தைக்கக் கொடுத்த சட்டையை வாங்க அவருடைய அக்கா உள்ளே வந்தாள்.

"நேத்து வயித்துல கல்லு, இன்னைக்குக் காலா? ஊர்ல இருக்கிற சீக்கையெல்லாம் வாடகைக்கு எடுத்திருக்கியாடா? அது சரி, இந்த வெக்கையில எதுக்கு ஸ்வெட்டர்?"

"குளிருதுக்கா."

"பெருவிரல் வலிக்குக் குளிருமா?"

கேள்வி அக்காவுடையது, திடுக்கிட்டவள் மனைவி. அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி ஆடி அசைந்து நடந்துகொண்டிருந்தது.

"ஏங்க, நாடி ஏன் இவ்வளவு மெதுவா ஓடுது?"

"நல்லா நடிக்கிறேன்ல?"

"நாடியை நடிக்க முடியாதுங்க."

கத்தரிக்கோல் பிடியால் குதிகாலுக்கு மேலே லேசாகத் தட்டினாள். பாதம் துள்ளியது, ஆனால் சோம்பேறித்தனமாகத் திரும்பி வந்தது. வறண்ட தோல், கரகரத்த குரல், மெஷின்மேலேயே தூக்கம். இத்தனை நாளும் அதையெல்லாம் நடிப்புக் கணக்கில் சேர்த்திருந்தாள்.

"எடை கூடியிருக்கா?"

"எனக்கா? டேப்புதான் சுருங்கிப்போச்சு."

அக்கா சிரித்த சிரிப்பில் ஊசி டப்பா கவிழ்ந்தது.

மறுநாள் ரத்தப் பரிசோதனை சொன்னது: தைராய்டு சுரப்பு குறைவு. காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, அரை மணி நேரம் வேறெதுவும் கூடாது, சில வாரம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை.

"பக்கத்துலயே இருந்தும் பார்க்கலையே" என்று அவள் கண் கலங்கினாள்.

"நிஜ நோயாளியையே கண்டுபிடிச்சிட்டே, போ!" என்று அவர் மேஜையிலிருந்து குதித்தார்.

வாரங்கள் போகப் போக ஸ்வெட்டர் பெட்டிக்குள் போனது, மெஷின் பழைய வேகத்துக்கு வந்தது, டேப்பும் நீண்டுவிட்டது.

தேர்வு நாளில் மண்டபத்து வாசல் பெஞ்சில் டெய்லர் உட்கார்ந்திருந்தார். எழுந்தார், உட்கார்ந்தார், பக்கத்தில் இருந்தவருடைய சட்டையில் பொத்தான் தளர்ந்திருப்பதைக் கண்டு அதைத் தைத்தும் கொடுத்தார். சாயங்காலம் தேர்ச்சிப் பட்டியலை ஒட்டியதும் அவள் ஓடிவந்தாள்.

"மூச்சு வாங்குதுன்னு ஒரு அம்மா சொன்னாங்க. 'ஆஸ்துமா'ன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சுங்க. அப்போ உங்க ஸ்வெட்டர் ஞாபகம் வந்துது. வாயை மூடிக்கிட்டு கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெள்ளைக் காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. ரத்தசோகை! மாதவிடாய் ரொம்ப நாளா அதிகமாம். ரத்தம் எவ்வளவு இருக்குன்னு பார்க்கணும், இரும்புச்சத்து மாத்திரை குடுக்கணும், எதனால அதிகமாப் போகுதுன்னும் தேடணும்னு சொன்னேன்."

"சரி, பாஸா?"

"பாஸுங்க!"

அவர் கைகளைப் பிடிக்கப் பாய்ந்தாள். டெய்லர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"முதல்ல கை கழுவிட்டு வாங்க டாக்டர்."