கடதாசி விமானத்துக்குப் பிணை

ஆகாயத்தில் வழி தவறிய பறவைகள் எல்லாம் உருத்திரபுரத்தில் இறங்கி, விஜிதரன் அண்ணையிடம் பாதை கேட்டுவிட்டுத்தான் மறுபடி பறக்கும். அவர் தலையாட்டினால்தான் சூரியன் மேற்கே இறங்கும். தேவர்களின் தேர் நடுவானில் பழுதாகி நின்றால், தேரின் திறப்பைக் கொடுத்து அவர் வீட்டுப் படலைக்குத்தான் ஆள் அனுப்புவார்கள். இவ்வளவும் நான் சொல்வது. ஊர் சொன்னது வேறு: "அவன் ஒரு மாதிரி. பாத்துப் பழகுங்கோ."

அவருடைய தகப்பன் சின்னராசா, யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்து குடியேற்றத் திட்டத்தில் வயல் எடுத்தவர். அவர் செத்த செய்தி கேட்டுத்தான், சென்னையில் விமானம் ஓட்டப் படித்துக்கொண்டிருந்த மகன் தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு ஆனியில் ஒரு தகரப் பெட்டியோடு ஊருக்கு வந்தார். பெட்டிக்குள் ஒரு கடிதம் இருந்தது. மாலைதீவில் தீவுக்குத் தீவு ஆட்களை ஏற்றி இறக்கும் ஒரு சின்னக் கம்பனி அவரை வேலைக்கு எடுத்திருந்தது. செப்டெம்பர் ஆறாம் திகதி பயிற்சி தொடங்கும். வரும்போதே விமானத்தின் ஒவ்வொரு பிடியும், போட்டு அணைக்கிற ஆளியும் எங்கே இருக்கிறது, எதற்குப் பிறகு எது என்பது மனப்பாடமாக இருக்க வேண்டும். முதல் நாள் வராதவரின் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

நான் பிரேமிளா. அவர்களுடைய வயலில் வேலை செய்கிற மீனம்மாவின் மகள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. நானும் அதைத் தேடிப் போகவில்லை.

உருத்திரபுரத்தில் விமானம் ஏது? கடதாசியில் செய்தார். சும்மா கிடந்த மாட்டுக்கொட்டிலில் இரண்டு கதிரைகளைப் போட்டார். சவர்க்காரப் பெட்டி மட்டைகளில் பழைய கலண்டர்களைப் பின்பக்கம் தெரிய ஒட்டி, தேத்தண்ணிக் கோப்பையைக் கவிழ்த்து வட்டம் வட்டமாக, வேகமும் உயரமும் காட்டுகிற மணிக்கூடுகள் கீறினார். ஆளிகளுக்குச் சோடா மூடிகள். அந்த வகை விமானத்தில் வேகப் பிடிகள் தலைக்கு மேலே தொங்குமாம். அதற்காகக் கூரை வளையிலிருந்து ஆறு பூவரசந் தடிகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். இடது கதிரையில் அவர். வலது கதிரையில் ஒரு சின்னப் புத்தகத்தை வைத்து வாசிக்க நான். இங்கிலீசைத் தமிழ் எழுத்தில் எழுதித் தந்திருந்தார்.

"இதுக்கு ஏன் ரெண்டு பேர்?" என்று கேட்டேன்.

"ஒராள் பிடியைத் தொடுவார். மற்றாள் பாத்து 'சரி' எண்டு சொன்னால்தான் இழுக்கலாம். இடது இஞ்சின் நெருப்புப் பிடிக்க, பதட்டத்தில வலதை நிப்பாட்டின ஆக்களும் இருக்கினம்."

"பிறகு?"

"பிறகு ரெண்டும் இல்லை."

ஒருநாள் நடுவில் நானாக ஒரு வரி சேர்த்து வாசித்தேன்: "பின்னுக்குக் கட்டின ஆடு, இறக்கு."

மனப்பாடம் செய்ய மூடியிருந்த கண்ணை அவர் திறக்கவேயில்லை. "ஆடு இறக்கியாச்சு. அடுத்ததை வாசி."

ஊர் இதையெல்லாம் வேலிக்கு மேலால் பார்த்தது. ஒரு மனிதன் கதிரையில் இருந்து, தலைக்கு மேலே கையை நீட்டித் தடிகளைத் தள்ளி, இங்கிலீசில் இலக்கம் சொன்னால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? பக்கத்து வளவு யோகநாதன் மாமா தொலைந்த கோழியைத் தேடி இரண்டு தரம் உள்ளே வந்தார். அவர் கோழியே வளர்ப்பதில்லை. குண்டு போட வரும் விமானத்தின் சத்தம் கேட்டு நாங்கள் எல்லாரும் பங்கர்க் குழிக்குள் குதித்தால், விஜிதரன் அண்ணை மட்டும் வாழைக்குப் பக்கத்தில் நின்று நெற்றியில் கையை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்ப்பார். "ஒரு இஞ்சின் இழுவை குறைவாக் கிடக்கு" என்பார்.

பங்கருக்குள் அம்மா என் காதுக்குள் சொன்னாள்: "பயப்பிடாமல் நிக்கிறான் எண்டால், மேல வாறவங்களுக்குத் தெரிஞ்ச ஆள்தானேடி?"

அம்மா சொன்னதை நான் நம்பவில்லை. நம்பாமல் விடவும் இல்லை.

ஊரை விட்டு வெளியே போக இயக்கம் தருகிற பாஸ் வேண்டும். பாசுக்குப் பிணை வேண்டும். போகிற ஆள் போய் என்ன செய்தாலும் பிணை நின்றவர்தான் பதில் சொல்ல வேண்டும். கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் ராஜரத்தினம் மாமா, சின்னராசாவின் பழைய கூட்டாளி. வியாழக்கிழமை பாஸ் கொடுக்கிற கந்தோருக்கு வந்து கையெழுத்து வைக்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

செவ்வாய்க்கிழமைதான் அந்தச் சின்னப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை நான் பார்த்தேன். விமானத்தின் படம். உயர்ந்த செட்டை, இரண்டு காற்றாடி, மடங்காத சில்லுகள். எங்கள் தலைக்கு மேலே வந்து பீப்பாய்க் குண்டுகளை உருட்டிவிடுகிற அரசாங்க விமானத்துக்கும் இதே உருவம்தான். அதற்கு ஊரில் சகடை என்று பெயர். உண்மை தெரிய வேண்டும் என்பதற்காக மட்டுமே ஊசியால் குத்தியிருந்த அந்தப் பக்கத்தைக் கழற்றி, சங்கக்கடையில் மண்ணெண்ணெய்க்கு நின்ற வரிசைக்குக் கொண்டுபோனேன்.

"இது என்ன பிளேன் எண்டு சொல்லுங்கோ பாப்பம்!"

அழகம்மா மாமி மண்ணெண்ணெய்க் கானைக் கீழே வைத்தாள். "உது சகடையெல்லோ! எங்கட குசினியை உடைச்சது உதுதான். ஆற்ற படமடி இது?"

நான் சொல்ல முன்னமே வரிசை விஜிதரன் அண்ணையின் பெயரைச் சொல்லிவிட்டது. ராஜரத்தினம் மாமா வெளியே வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, படத்தை ஒருதரம் பார்த்தார். தலைகீழாகப் பிடித்து மற்றத் தரம் பார்த்தார்.

"விமலேஸ்வரி அக்காட்டச் சொல்லு, வியாழக்கிழமை எனக்கு வசதிப்படாது."

விஜிதரன் அண்ணையின் தாய் விமலேஸ்வரி மாமி அன்றைக்கே வேறு இரண்டு வீட்டுப் படலைகளைத் தட்டினா. ஒருவருக்குக் காய்ச்சல், மற்றவருக்கு நெல்லுச் சூடு மிதிப்பு. அவர் அந்தப் போகம் விதைக்கவேயில்லை. விஜிதரன் அண்ணை கொட்டிலுக்குப் போனார். கதிரையில் இருக்காமல், நின்றபடியே சோடா மூடிகளில் படிந்த தூசியை ஒவ்வொன்றாகத் துடைத்தார். அதைப் பார்க்க எனக்கு ஏலவில்லை. பக்கத்தைப் பழைய இடத்தில் குத்தி வைத்துவிட்டுச் சங்கக்கடைக்கு ஓடினேன்.

"மாமா, படத்தைப் பாத்துப் பயந்தனீங்கள். பிளேனுக்குள்ள வந்து பாருங்கோவன். குண்டு போடுற பிடி இருந்தால் கண்டுபிடியுங்கோ."

"எனக்கென்னடி பயம்?" என்றார். இருந்தாலும், காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, சங்கக்கடைச் சாமானைச் சரிபார்க்கப் போகிற முகத்தோடு புதன்கிழமை பின்னேரம் வந்தார். வலது கதிரையில் இருந்தார். ஒவ்வொரு மூடியாகப் பென்சிலால் தட்டினார்.

"இது?"

"பெல்ட் கட்டச் சொல்லுற லைற், மாமா."

"இது?"

"கதவு."

"கதவால என்னத்தைத் தள்ளுறது?"

"ஆக்கள் இறங்கிறது. பத்தொன்பது பேர்."

"சகடையிலயும் கதவாலதான் உருட்டினவங்களாம்."

விஜிதரன் அண்ணை, "ஓம் மாமா," என்றார். "ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிப் பிளேன்தான். இல்லையெண்டு உங்களுக்குப் பொய் சொல்லமாட்டன்."

நான் தலையில் கை வைத்தேன். மனுசன் ஒரு சின்னப் பொய் சொல்லியிருக்கக் கூடாதா?

ராஜரத்தினம் மாமா புத்தகத்தைப் பறித்து, தான் விரும்பிய இடத்தில் திறந்து, எழுத்துக் கூட்டி வாசித்தார்: "லெப்ட் இஞ்சின் பயர்."

விஜிதரன் அண்ணை கையை மேலே நீட்டி ஒரு தடியைத் தொட்டார். தொட்டபடியே இருந்தார்.

"ஏன் இழுக்கேல்லை?"

"சரியான பிடியோ எண்டு நீங்கள் பாத்துச் சொல்லோணும்."

"நெருப்பெல்லோ எரியுது!"

"எரிஞ்சாலும் நீங்கள் சொல்லோணும்."

"நான் சொல்லாமல் விட்டால்?"

"காத்துக்கொண்டு இருப்பன்."

மாமா சொல்லவில்லை. வேண்டுமென்றே சொல்லவில்லை. வெற்றிலையை எடுத்து, காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, மடித்து வாயில் வைத்தார். விஜிதரன் அண்ணை தூக்கிய கையின் முழங்கையிலிருந்து வேர்வை சொட்டியது. கடதாசி விமானம்தான். கயிற்றில் தொங்கும் பூவரசந் தடிதான். இருந்தும் அவர் இழுக்கவில்லை.

கடைசியில் மாமா எழும்பினார். தடியில் தொடங்கி, அதில் எழுதியிருந்த எழுத்து வரைக்கும் மூக்கு முட்டப் பார்த்தார்.

"சரி. இழு."

தடி கீழே வந்தது. மாமா வெளியே போய்த் துப்பிவிட்டு வந்து சொன்னார்: "நாளைக்குக் காலமை எட்டு மணிக்கு வெளிக்கிட்டு நில். கந்தோரில சனம் கூடமுதல் போகோணும்."

வியாழக்கிழமை கையெழுத்தும், திங்கட்கிழமை பாசும் கிடைத்தன. முதலாம் திகதி காலையில் தகரப் பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டி, நானும் அவருமாகக் கரடிப்போக்குச் சந்திவரை உருட்டிக்கொண்டு போனோம். வவுனியாப் பக்கம் போகிற லொறிக்காகக் காத்து நின்றோம்.

"பிரேமி, அந்தப் படம் எப்பிடிக் கடைக்குப் போனது?"

"காத்துக்குப் பறந்திருக்கும்."

"காத்து, குத்தியிருந்த ஊசியைக் கழட்டி, காட்டிப்போட்டு, திரும்பவும் குத்தி வைச்சிருக்குது. கெட்டிக்காரக் காத்து."

பிடிபட்டுவிட்டேன். "உங்களில சந்தேகம் வந்தது. சகடை ஓட்டப் போறியள் எண்டு நினைச்சன். பிழையோ?"

"சந்தேகம் வந்தால் முதல் கிழமையே வந்திருக்கோணும். அந்தப் படத்தை முதல் நாளே பாத்தனி. இதுக்குள்ள சாப்பாடு குடுப்பினமோ எண்டும் கேட்டனி."

நான் கரியர் கயிற்றின் முடிச்சைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமைதான் பார்த்தேன் என்று மேலே எழுதியிருப்பதை இப்போது வெட்டவும் மனமில்லை.

"கடைக்குக் கொண்டுபோனது, போற திகதியை நான் எங்கட அம்மாட்டச் சொல்ல, நீயும் பக்கத்தில நிண்டு கேட்ட அண்டைக்கு," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சோடா மூடிகளை எண்ணுகிற அதே குரல்.

நான் பாவாடை நுனியால் முகத்தைத் துடைத்தேன். "இந்த லொறியள் கிளப்புற தூசி..."

விஜிதரன் அண்ணை வெறுமையாகக் கிடந்த ரோட்டை இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார்.

"லொறி இன்னும் வரேல்லை, பிரேமி."