பொள்ளாச்சி பஸ்ஸும் இருபத்தெட்டாம் பக்கத்துப் புலியும்

இந்த ஊர் நூலகத்தில் முத்திரை குத்திப் புத்தகம் கொடுக்கும் மிசஸ் ஹோல்ட் முதல் நாளே என்னை ‘லவ்’ என்று கூப்பிட்டார். நான் இரண்டடி பின்வாங்கினேன். ஐம்பது வயதைத் தாண்டிய அம்மாள், இவருக்கு இதென்ன பேச்சு என்று வீட்டுக்கு வந்து கணவரிடம் முறையிட்டேன். ரொட்டிக் கடைக்காரம்மா தன்னையும் அப்படித்தான் கூப்பிடுகிறார் என்று அவர் தயங்கித் தயங்கி ஒப்புக்கொண்டார். நம் பக்கத்துக் ‘கண்ணு’வுக்கு இவர்கள் வைத்திருக்கும் சொல் அது என்று எங்கள் இருவருக்கும் விளங்க ஒரு மாதம் ஆயிற்று. அதைவிடப் பெரிய விசித்திரம் இன்னொன்று. முதுகில் கத்தியோடு பிணம் குப்புறக் கிடக்கும் அட்டைப் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு குடும்பப் பெண் தெருவில் நடந்துபோனால் இங்கே ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எங்கள் கோவைப் பீளமேட்டில் அதே மாதிரிப் புத்தகத்தை நான் கந்த சஷ்டி கவசத்துக்குள் வைத்துத்தான் படித்தேன். என் பக்தியை மெச்சாத உறவினர் கிடையாது.

கோவையில் அப்போது துப்பறியும் நாவல் என்றால் பெண்பிள்ளைகளைக் கெடுக்க வந்த வியாதி. ஆனால் வாராவாரம் தொடர்கதை வரும் பத்திரிகையை எங்கள் வீட்டில் முதலில் பிரிப்பவர் மில்லில் ஸ்டோர் கீப்பராக இருந்த அப்பாதான். சமையல் குறிப்பு பார்ப்பதாகச் சொல்லி அடுத்துப் பிரிப்பவர் அம்மா. அந்தக் கதைகளில் வரும் துப்பறியும் நிபுணர்கள் சித்திரை வெயிலிலும் முழங்கால் வரை ஓவர்கோட் அணிந்து உக்கடம் குளக்கரையில் சுருட்டுப் பிடிப்பார்கள். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஒரு கொலைகாரன் காலை எட்டு மணிக்குப் பொள்ளாச்சியில் தேங்காய் மண்டி முதலாளியைக் கொன்றுவிட்டு, எட்டேகாலுக்கு உக்கடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோதுதான் பொறுக்க முடியவில்லை. பத்திரிகைக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டேன். ‘நாங்கள் ஏறும் பஸ் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. கொலைகாரர் வந்த பஸ்ஸின் எண்ணை ஆசிரியர் தெரிவித்தால் எங்களுக்கும் உபகாரமாக இருக்கும்.’

வாசகர் கடிதப் பகுதியில் அதைப் பேர், ஊர், தெருவோடு அச்சடித்துவிட்டார்கள். அப்பா பத்திரிகையை மேசைமேல் வைத்தார். “ஏனம்மிணி, அவன் எத்தன மணிக்கு வந்தா நமக்கென்ன? நீ பஸ் கம்பெனியா நடத்தறே?” என்றார். அம்மா அடுக்களையிலிருந்தே பேசினாள். “வார வெள்ளிக்கிழமை சோமனூர்ல இருந்து பொண்ணுப் பாக்க வாராங்க. கொலைகாரனுக்குக் கடுதாசி எழுதற புள்ளைய எவன் கட்டுவான்?” வீதியில் செய்தி அதற்குள் உருமாறியிருந்தது. மூன்றாவது வீட்டுக்கு அது போய்ச் சேர்ந்தபோது, பொள்ளாச்சி பஸ்ஸில் எனக்கும் யாரோ ஒருவனுக்கும் பழக்கம் என்றாகிவிட்டது. அப்பா இரண்டு நாள் மில்லுக்குப் போகவில்லை. அது என்னை உண்மையிலேயே பயமுறுத்தியது. காய்ச்சல் வந்தால்கூட லீவு போடாத மனிதர் அவர்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். காபித் தட்டோடு போய் நின்றேன். மாப்பிள்ளையின் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஏங்கண்ணு, பொள்ளாச்சி பஸ்ஸப் பத்தி எழுதுனது நீதானா?” என்று கேட்டார். அப்பாவின் கையிலிருந்த டம்ளர் அப்படியே நின்றது. இல்லை என்று சொல்லிவிடலாம். அதே பேரில் இன்னொரு பெண் இருக்கிறாள் என்றுகூடச் சொல்லலாம். எனக்கு அந்த நேரத்தில் பொய் வரவில்லை.

“ஆமாங்க.”

“அப்ப கொன்னது யாருன்னும் கண்டுபுடிச்சிருப்பியே?”

“மண்டிக் கணக்குப்பிள்ளைங்க.”

“எனக்கும் அந்தாளு மேலதாங் கண்ணு ரோசனை” என்று அவர் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். ஜாதகம் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகு சம்பிரதாயத்துக்காக நடந்தது. தொடர் முடிந்தபோது கொன்றவன், அதுவரை கதையிலேயே தலைகாட்டாத, முதலாளியின் இரட்டைச் சகோதரன் என்று தெரிந்தது. அதற்குள் எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டிருந்ததால், சோமனூர் வீட்டில் தறிச் சத்தத்துக்கு நடுவே மாமியாரும் நானும் சேர்ந்தே அந்த ஆசிரியரைத் திட்டினோம்.

கணவர் ஜவுளித் தொழில்நுட்பம் படிக்க இங்கே வந்தபோது நானும் வந்தேன். தென்னிந்தியாவின் மான்செஸ்டரிலிருந்து அசல் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் வந்து இறங்கினால், அதே புகைக்கூண்டு, அதே சங்கு, தலையில் அதே பஞ்சுத் தூசு. வெயில் ஒன்றுதான் குறைச்சல். மாமியார் கடிதத்துக்குக் கடிதம் விசாரித்தார். நாவல்களில் வருவதுபோல அங்கே எதிரே நிற்கும் ஆள் தெரியாத அளவுக்குப் பனி மூடுமா, துப்பறிகிறவர்களை வீதியில் பார்க்க முடியுமா என்று. நான் நடந்ததையே எழுதினேன். இந்த ஊர் நம்ம பீளமேடு மாதிரிதான் இருக்கிறது, துப்பறிகிறவர் யாரும் கண்ணில் படவில்லை, பார்த்த ஒரே போலீஸ்காரர் மரத்தில் ஏறிய பூனையை இறக்கிக்கொண்டிருந்தார் என்று. பதில் வந்தது. ‘நீ இன்னும் சரியாப் பாக்கலையாட்ட இருக்குது. அவசரப்படாமப் பாரு கண்ணு.’ இரட்டைச் சகோதரனை நம்பாத மாமியார், மூடுபனி விஷயத்தில் என்னை நம்பவில்லை.

இதற்கிடையில் மிசஸ் ஹோல்ட், என் இங்கிலீஷ் தேறுவதற்காகப் பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் சாகச நாவல் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கதை நடக்கும் இடம் கோயமுத்தூர். அண்ணனும் தங்கையுமாக இரண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள் அங்கே கப்பலில் வந்து இறங்குகிறார்கள். ராஜா ஒருவர் நிலவறையில் பாம்புகளைக் காவலுக்கு வைத்திருக்கிறார். இருபத்தெட்டாம் பக்கத்தில் கடைவீதியில் புலி வருகிறது. சனங்கள் அதற்குப் பூ போட்டுக் கும்பிடுகிறார்கள். பழைய கை அரித்தது. ‘கோயமுத்தூரில் கடல் இல்லை’ என்று தொடங்கி ஒரு தாள் நிறைய எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துத் திருப்பிக் கொடுத்தேன். மிசஸ் ஹோல்ட் அதைப் படித்துவிட்டு முகம் மலர்ந்தார். நான் கண்டனம் தெரிவித்திருப்பதாக அவருக்குத் தோன்றவே இல்லை. சனிக்கிழமை காலைகளில் கூடும் பிள்ளைகள் வாசிப்பு வட்டத்தில் பேச விண்ணப்பித்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

போனேன். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர். மில்களைப் பற்றியும், கிணற்று மோட்டார்களைப் பற்றியும், எங்கள் தறிகளைப் பற்றியும் சொன்னேன். அவர்கள் அப்பாக்கள் தினமும் பார்த்துவிட்டு வரும் அதே சமாசாரம். கொட்டாவிகள் வந்தன. ஜீன் என்ற சிறுமி மட்டும் குறிப்பெடுத்துக்கொண்டே வந்தாள். புலியை எத்தனை தடவை பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். ஒரு தடவைகூட இல்லை என்றேன். அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். “நீங்கள் நிஜமாகவே அங்கிருந்துதான் வந்தீர்களா?” என்று மரியாதையாகத்தான் கேட்டாள். நான் சிரித்துவிட்டேன். ஆனால் வீட்டுக்கு நடக்கும்போது அது நெஞ்சில் தைத்துக்கொண்டே வந்தது. பிறந்து வளர்ந்த ஊரை நிரூபிக்க என்னிடம் ஒரு புலிகூட இல்லாமல் போயிற்று.

அடுத்த சனிக்கிழமை ஜீன் தன் அப்பாவோடு வந்தாள். ஒடிசலான மனிதர், கையில் தொப்பி. என்னைப் பார்த்ததும் கும்பிட்டு, “ஏனுங்க, சவுக்கியமுங்களா?” என்றார். என் காதை நான் நம்பவில்லை. நூற்பு இயந்திரங்களை மாட்டிக் கொடுக்கும் ஃபிட்டராக, பத்து வருஷத்துக்கு முன்பு கோவை மில் ஒன்றில் எட்டு மாதம் இருந்தாராம். இங்கிலீஷுக்கு மாறி மகளிடம் சொன்னார்: “இந்த அம்மா சொன்னது சரி. நம்ம ஊர் மாதிரிதான். அங்கே தண்ணீர் மட்டும் ருசி. சிறுவாணித் தண்ணீர் குடித்துவிட்டு வந்து இங்கே ஒரு வருஷம் தேநீர் எனக்கு இறங்கவில்லை.” எனக்கு அழுகை வரும்போல இருந்தது. ஜீன் முகம் மட்டும் தொங்கிப்போயிற்று.

“அப்பா, அப்படியென்றால் உங்கள் புலி? நீங்கள் சொல்வீர்களே, பங்களா வாசலில் வந்து நின்றது என்று?”

அவர் காது சிவந்தது. தொப்பியைத் திருப்பினார். என்னைப் பார்த்தார். பொள்ளாச்சி பஸ்ஸுக்காக எழுதிய அதே கார்டை இன்னொரு தடவை எழுத எனக்கு ஒரு நொடி போதும். ஆனால் மகளின் முன்னால் நிற்கும் அந்த அப்பா, இரண்டு நாள் மில்லுக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த இன்னொருவரை ஞாபகப்படுத்தினார். “அந்தப் புலியா? அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். புலி வந்ததென்று அன்றைக்கு எங்களுக்கு லீவு விட்டு, வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்றுவிட்டார்கள். அதனால்தான் என்னால் பார்க்க முடியவில்லை” என்றேன். ஜீன் பென்சிலை எடுத்தாள். அந்த நிமிஷத்திலிருந்து அவளுக்கு நான் சந்தேகமில்லாத கோயமுத்தூர்க்காரி.

வெளியே தூறல். அவர் வாசல்வரை வந்து வழியனுப்பினார். ஊருக்கு எப்போது போகிறேன் என்று கேட்டார்; தெரியாது, இவர் படிப்பு முடிய வேண்டும், முடிந்தாலும் இங்கேயே வேலை பார்க்கலாம் என்கிறார் என்று நின்று நிதானமாக நான் விவரம் சொன்னேன். பாதி தூரம் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் கேட்டது, “ஊருக்கு எப்பங்க போறீங்க?” என்று. நான் பதில் சொன்னது முழுவதும் இங்கிலீஷில்.