பையை யார் பார்த்துக்கொள்வது

எங்கள் குடும்பம் வெளியே போன எல்லா இடங்களிலும் அம்மாவுக்கு ஒரே வேலைதான். பையைப் பார்த்துக்கொள்வது. ஃபோர்ட் கொச்சி கடற்கரையில் நாங்கள் அலையில் நிற்கும்போது அவள் எங்கள் செருப்புகளோடு மணலில் உட்கார்ந்திருப்பாள். கல்யாண வீடுகளில் எல்லோரும் மேடைக்குப் போய்ப் படம் எடுத்துக்கொள்ளும்போது அவள் நாற்காலிகளைக் காத்துக்கொண்டிருப்பாள். வீட்டில் இருக்கும் கல்யாணப் படங்களில் இரண்டிலோ மூன்றிலோதான் அம்மா இருக்கிறாள். அவற்றிலும் அவள் தோளில் வேறு யாருடைய பையாவது தொங்கும்.

எனக்கு ஏழு வயதிருக்கும்போது எர்ணாகுளத்தில் ஒரு பொருட்காட்சிக்குப் போனோம். அத்தா, அண்ணன், நான், மாமி வீட்டு ஆட்கள் எல்லோரும் ராட்டினத்தில் ஏறினோம். உச்சியில் அது நின்றபோது கீழே அம்மாவைத் தேடினேன். ஐஸ்கிரீம் கடைக்குப் பக்கத்தில், தரையில், சுற்றிலும் பைகளோடு இருந்தாள். கையை ஆட்டிக் கூப்பிட்டேன். அவள் மேலே பார்க்கவேயில்லை. இறங்கியதும் ஏன் பார்க்கவில்லை என்று கேட்டேன். "மேலே பாத்தா யாராச்சும் பையைத் தூக்கிட்டுப் போயிடுவான்" என்றாள். அப்போது எனக்கு அது சரியான பதிலாகத்தான் தோன்றியது.

இப்போது தோன்றவில்லை. போன கோடை விடுமுறையில் நடந்ததற்கெல்லாம் காரணம் அதுதான்.

அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேரும் பல மாதங்களாகப் 'பார்க்கு, பார்க்கு' என்று அரித்துக்கொண்டிருந்தார்கள். நகரத்துக்கு வெளியே குன்றின் மேல் இருக்கிற பெரிய கேளிக்கைப் பூங்காதான் பார்க்கு. வகுப்பில் எல்லோரும் போய்விட்டார்களாம், மூத்தவள் மட்டும்தான் பாக்கியாம். அவளுக்கு எட்டு வயது, இளையவனுக்கு நாலு. நான் களமசேரியில் ஒரு ஆய்வகத்தில் மிளகையும் சுக்கையும் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அதனால் ரேஷன் கார்டு, வங்கி, ஆஸ்பத்திரிச் சீட்டு என்று எழுத்து இருக்கிற எதுவானாலும் என் கைக்கு வந்துவிடும். பார்க்கும் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் உட்காரவைத்து, இணையதளத்தில் இருந்த விதிகளைத் தமிழில் சொன்னேன். இடக்கொச்சியிலிருந்து மாமியும் வந்திருந்தாள். அத்தாவின் அக்கா. எங்கள் வீட்டில் எது நடந்தாலும் சாயா ஆறுவதற்குள் அவளுக்குத் தெரிந்துவிடும். வரப்போவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டு, போகிற ஆட்களைவிட அதிகமாகப் பேசினாள்.

"வெளியேயிருந்து சாப்பாடு கொண்டு போகக்கூடாது" என்றேன்.

"சோறில்லாம ஒரு யாத்திரையா?" என்றாள் மாமி. "ஆசுபத்திரிக்குக்கூட நாம சோறு கொண்டுதான் போறோம்."

"உள்ளே கடை இருக்கு மாமி."

"கடைச் சோறு திங்க அவ்வளவு தூரம் போகணுமாக்கும். நம்ம ஜூ டவுன் தெருவுல இல்லாத கடையா?"

தண்ணீரில் இறங்கப் பருத்தித் துணி ஆகாது, நைலான்தான் போட வேண்டும் என்றேன். கிட்டங்கியில் மூட்டை தூக்கி வந்த களைப்பில் அத்தா அரைக் கண்ணோடு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு நான் எழுதிவைத்திருந்த தாளை விரித்தேன். மேலே ஏழு பேர், பக்கவாட்டில் சவாரிகள். உயரக் கட்டுப்பாடு இருந்ததால் இளையவனுக்குப் பாதிக் கட்டங்கள் காலி. மற்ற எல்லோருக்கும் கட்டம் நிறைய டிக். அண்ணன் தாளை வாங்கி விரலால் கோடு பிடித்துக்கொண்டே வந்தான். ஆறாம் வகுப்போடு நின்றவன், மெதுவாகத்தான் படிப்பான். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இது யாரு?"

"அம்மா."

அவன் சிரித்தான். கேலிக்காக இல்லை, நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது. "அம்மா இதுலெல்லாம் ஏறுவாளா? பின்னே பையை யாரு பாக்குறது?"

"அங்கே லாக்கர் இருக்கு. உள்ளே வெச்சுப் பூட்டிட்டுச் சாவியைக் கையில கட்டிக்கலாம்."

"லாக்கரா?" அத்தாவுக்கு இப்போதுதான் முழுக் கண்ணும் திறந்தது. "நம்ம துண்டையும் செருப்பையும் வெக்கவா?"

"அவளுக்குத் தலை சுத்தும்" என்றாள் மாமி.

"ஏறிப் பாத்திருக்காங்களா மாமி, சுத்தும்னு சொல்ல?"

"வயசான பொம்பளைக்கு இதெல்லாம் தேவையா?"

அம்மாவுக்கு அப்போது நாற்பத்தொன்பது. மாமிக்கு அதைவிடப் பத்து வயது கூடுதல். இதைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதுதான். ஆனால் அதற்காக நான் இன்றுவரை வருத்தப்படவில்லை. மாமி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு அத்தாவைப் பார்த்து, "உன் வீட்டுல கலெக்டர் உத்தரவு போட்டாச்சு, நீ கையெழுத்து மட்டும் வை" என்றாள். அத்தாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும்.

அண்ணன் சமாதானத்துக்கு வந்தான். "சரி, அம்மா ஏறட்டும். சாவி தொலைஞ்சா கஷ்டம். பையை இவ பாத்துக்குவா" என்று மதினியைக் காட்டினான். மதினி மடியில் இருந்த பிள்ளையின் தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த நொடியில் ஏற்பட்ட கோபம் மாமியின் பேச்சில்கூட ஏற்படவில்லை. அம்மாவின் தோளிலிருந்து எடுத்த பை இரண்டடி தள்ளியிருந்த இன்னொரு பெண்ணின் மடியில் போய் விழுந்தது. யாருக்கும் அது விழுந்த சத்தம் கேட்கவில்லை.

"நீ பாத்துக்கோ" என்றேன் அண்ணனிடம்.

"நானா?"

"உனக்கும் ரெண்டு கண்ணு இருக்குல்ல."

"பிள்ளைங்களை யாரு ஏத்துவா? நான் ஏறலைன்னா பின்னே எதுக்குப் போறது?"

"அதேதான் நானும் கேக்குறேன்" என்றேன். "ஏழு பேரும் ஏறுறதுன்னா டிக்கெட் எடுக்குறேன். இல்லைன்னா யாரும் போக வேண்டாம்." தாளை மடித்து என் கைப்பையில் வைத்தேன். படிச்ச திமிர் என்று மாமி முணுமுணுத்தது கேட்டது. ஆமாம், அதேதான். அந்தத் திமிரை நான் பன்னிரண்டு வருடம் பள்ளியிலும் மூன்று வருடம் கல்லூரியிலும் சம்பாதித்திருக்கிறேன். இப்படி ஓர் இடத்தில் செலவழிக்காவிட்டால் அது எதற்கு?

ஆனால் என்னைத் தோற்கடித்தது மாமியும் இல்லை, அண்ணனும் இல்லை. அன்று சாயங்காலம் அடுக்களையில் அம்மாதான். கப்பைக் கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"நான் உன்கிட்ட ஏறணும்னு கேட்டேனா?"

"கேக்கலை."

"பின்னே ஏன் அத்தனை பேரு முன்னாடி எனக்காக வழக்காடுறே?"

"நீங்க ஒரு தடவைகூட..."

"பசிச்சா யாருகிட்ட வருவீங்க? தாகம் எடுத்தா? தலை துவட்ட? எல்லாரும் ஓடி வர்றது பை இருக்கிற இடத்துக்குத்தான். அதை நீ லாக்கருல வெச்சுப் பூட்டிட்டா, நான் அங்கே யாரு?"

பை என்றால் சுமை என்று மட்டும் நினைத்திருந்தேன். அது அவளுடைய கடை மாதிரி, அதில் அவள்தான் முதலாளி என்று நினைத்ததில்லை. சிறிது நேரம் கப்பைத் தோல்களைப் பொறுக்கிக்கொண்டு நின்றேன். ஆனாலும் நான் இறங்கி வரவில்லை. "பை இல்லாம இருந்து பாருங்க. யாரும் வரலைன்னா அப்புறம் என்னைத் திட்டுங்க" என்று மட்டும் சொன்னேன். அம்மா கத்தியை அழுத்தி வெட்டினாள்.

டிக்கெட் எடுக்கவில்லை. இரண்டு வாரம் அப்படியே போனது. விடுமுறை கரைந்துகொண்டிருந்தது. மூத்தவள் என்னோடு பேசுவதை நிறுத்தினாள். இளையவன் என் செருப்பை ஒளித்துவைத்தான். அண்ணன் சாப்பிடும்போதெல்லாம், "ஒரு பைக்காகப் பிள்ளைங்களை அழவெக்குறா" என்று சுவரிடம் சொன்னான். வேலைக்குப் போகும் வழியில் படகில் நிற்கும்போது எனக்கே ஐயம் வரும். நான் அம்மாவுக்காகப் பிடிவாதம் பிடிக்கிறேனா, ராட்டினத்திலிருந்து கையை ஆட்டிய ஏழு வயதுக்காரிக்காகவா? இரண்டாவதாகவே இருக்கட்டும் என்று நினைத்துக்கொள்வேன். அவளுக்கும் யாராவது பேச வேண்டுமே.

மூன்றாம் வாரம் ஒரு காலையில் நான் பர்தாவுக்கு ஊசி குத்திக்கொண்டிருக்கும்போது அம்மா பின்னால் வந்து நின்றாள்.

"நைலான்னா எந்த நைலான்? குடைத் துணி மாதிரியா, பாவாடைத் துணி மாதிரியா?"

கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் ஊசி டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சீக்கிரம் காயுற துணி. வழுக்கலா இருக்கும்."

"ம்" என்று போய்விட்டாள்.

அம்மா அக்கம்பக்கத்துக்குத் தைத்துக் கொடுப்பவள். அன்று நான் வேலை முடிந்து வந்தபோது தையல் மெஷின் மேல் கருநீலத் துணி ஒன்று இருந்தது. முழங்காலுக்குக் கீழே இறங்கும் முழுக்கைச் சட்டை, கணுக்கால் வரை கால்சட்டை, தலைக்குக் கழுத்தோடு சேர்ந்த ஒரு மூடி. எல்லாம் வெட்டி, பாதி தைத்திருந்தது. மீதித் துணியில் மதினிக்கும் ஒன்று வெட்டி வைத்திருந்தாள். அன்றே ஏழு டிக்கெட் எடுத்தேன். அண்ணனிடம் சொன்னபோது மெஷினை ஒருமுறை பார்த்தான், பிறகு யாரிடம் வேன் இரவல் கேட்கலாம் என்று பேச ஆரம்பித்தான்.

போன அன்று காலையில் அம்மா தோற்றதுபோல் நடித்து ஜெயிக்கப் பார்த்தாள். வேன் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பை வந்தது. அரிசி மாவுப் பத்திரி, வறுத்த கோழி, அவித்த முட்டை, ஒரு ஃபிளாஸ்க் சாயா.

"உள்ளே விட மாட்டாங்கன்னு சொன்னேனே."

"கேட்டுப் பாக்கலாம். மனுசங்கதானே."

கேட்டோம். வாசலில் இருந்த பெண் காவலாளி அம்மாவிடம் மரியாதையாக மறுத்தாள். அதனால் வண்டி நிறுத்துமிடத்தில் நின்றபடி, காலை ஒன்பதரை மணி வெயிலில், ஏழு பேரும் மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டு முடித்தோம். எங்களுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு குடும்பங்கள் அதையே செய்துகொண்டிருந்தன. அத்தா ஒரு முட்டையை அவர்களில் ஒருவருக்குக் கொடுத்தார்.

லாக்கரில் எல்லாவற்றையும் வைத்து அம்மாவே பூட்டினாள். ரப்பர் வளையத்தில் கோத்த சாவியை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டாள். முதல் ஒரு மணி நேரத்தில் இரண்டு முறை போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தாள். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். கட்டிக்கொள்வாள், தொங்கவிடுவாள், பிறகு இளையவனைத் தூக்கிக்கொள்வாள். முதல் சவாரி அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சுழன்று நின்றதும் இறங்கி ஓரமாகப் போய்க் காலைச் சாப்பாட்டில் பாதியை வெளியே அனுப்பினாள். அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தான். நானும் திருப்பிப் பார்த்தேன். மதினிதான் தண்ணீர் வாங்கி வந்தாள். மதினி அதற்குள் நீர்ச்சறுக்கில் மூன்று முறை போய் வந்திருந்தாள், கேட்டால் பிள்ளைக்காக என்பாள்.

"போதும்னா சொல்லுங்கம்மா" என்றேன். அதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

அம்மா வாயைக் கழுவி, மூடியைச் சரிசெய்துகொண்டாள். "முட்டை தின்னிருக்கக் கூடாது" என்றாள். "அந்தப் பெரிய ராட்டினம் எங்கே இருக்கு?"

வரிசை நீளமாக இருந்தது. பிள்ளைகள் அண்ணனோடு அலைக்குளத்தில் இருந்தார்கள். நானும் அம்மாவும் மட்டும் கம்பிக்குள் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தோம். அப்போது வெளியிலிருந்து ஓர் இளம் பெண், இரண்டு தோளிலும் பை, கையில் ஒரு கூடை, கம்பிக்கு அந்தப் பக்கமாக வந்து நின்றாள். வரிசையில் இருந்த அத்தனை பேரையும் விட்டுவிட்டு அம்மாவிடம் வந்தாள். எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்களோ.

"இத்தா, ஈ பேக் ஒந்நு நோக்காமோ? ஞங்ஙள் வேகம் வராம்."

பையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்வீர்களா, சீக்கிரம் வந்துவிடுகிறோம் என்கிறாள். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மாவின் வலது கை தானாகப் பையை வாங்க நீண்டுவிட்டது. நீண்ட கையில் சாவி ஆடியது. அம்மா அதைப் பார்த்தாள். கையை மடக்காமல் அப்படியே அவளுக்குத் திருப்பிக் காட்டினாள்.

"அவிடெ லாக்கர் உண்டு மோளே" என்றாள். குரலில் கடுமை இல்லை, விலாசம் சொல்வதுபோல இருந்தது. "ஞானும் கேறுந்நுண்டு."

அங்கே லாக்கர் இருக்கிறது மகளே, நானும் ஏறுகிறேன் என்கிறாள். அந்தப் பெண் ஒரு நொடி திகைத்தாள், பிறகு லாக்கர் எங்கே என்று கேட்டாள். அம்மா கம்பிக்கு மேல் எட்டி நின்று வழியைக் காட்டினாள். இடப்பக்கம் திரும்பி, ஐஸ்கிரீம் கடையைத் தாண்டி, சாவியைக் கையில் கட்டிக்கொள்ளத் தருவார்கள், நனைந்தாலும் ஒன்றும் ஆகாது. எல்லா விவரமும் சொன்னாள்.

வரிசை நகர்ந்தது. எங்களுக்கு முன்னால் நான்கு பேர்தான் இருந்தார்கள்.

"இறங்கினதும் திரும்பியும் வரிசையில நிக்கலாமா?" என்று அம்மா கேட்டாள்.

"நிக்கலாம்."

"எத்தனை தடவை?"

"எத்தனை தடவை வேணும்னாலும்."

அம்மா யோசித்தாள். "அப்போ உன் அத்தா வந்து தேடுனா இங்கே இருக்கோம்னு சொல்லாதே. துண்டு எங்கேம்பாரு."