மலைக்கு மேற்கே ஒரு குளம்

எண்பதுகளில் ஒரு வறட்சி ஆண்டு. திருத்தணியில் எங்கள் கேம்ப் ஆபீஸ். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, எந்த ஊரில் தண்ணீர் இருக்கிறது என்று மேப் போடுகிற வேலை. படத்தில் பயிர் சிவப்பாகத் தெரியும், தண்ணீர் கறுப்பாகத் தெரியும். ஆபீசர் குறித்துக் கொடுப்பார். எட்டாவதோடு பள்ளியை விட்ட நான் நேரில் போய்ப் பார்த்து டிக் போட வேண்டும். தண்ணீர் இருப்பதாக மேப்பில் வந்துவிட்டால் அந்த ஊருக்கு போர்வெல் கிடையாது.

பள்ளிப்பட்டு வழியில் ஒரு சிற்றூர். அதற்கும் அதன் கிழக்கே உள்ள மலைக்கும் நடுவில் மேப்பில் ஒரு குளம். பிற்பகலில் போனேன். வெறும் கட்டாந்தரை. வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த முனியம்மா என்பவரிடம் கேட்டேன்.

"குளம் எங்கம்மா இருக்குது?"

"ஆங், நேத்துதான் மடிச்சு பொட்டியில வச்சேன். ஒரு மைலு நடந்து தண்ணி தூக்கினு வரோம், குளம் கேக்குறாரு பாரு."

ஆபீசரிடம் சொன்னேன்.

"போன மார்கழியில எடுத்த படம்யா. இப்ப வத்திருக்கும், மழை பெஞ்சா ரொம்பிடும். நாளைக்கு மத்தியானம் லிஸ்ட் போவுது, டிக் போடு."

போட்டேன். டெம்பரரி வேலை, எதிர்த்துப் பேசப் பயம். போட்ட பிறகு வேறு பயம் வந்தது. கீழே இருப்பது என் கையெழுத்து.

மறுநாள் முதல் பஸ்ஸில் அங்கேயே போய் நின்றேன். முனியம்மா அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஆனால் இப்போது அந்தத் தரை முழுவதும் மலை நிழல்.

"இங்க எப்பவாவது தண்ணி நின்னுதாம்மா?"

"எங்க மாமியார் காலத்துலகூட இல்ல."

"இந்த நெழலு எத்தினி மணி வரைக்கும் இருக்கும்?"

"இப்ப சீக்கிரம் போயிடும். மார்கழின்னா பத்து மணி ஆனாலும் போவாது. குளுருதுன்னு அந்தாண்ட போய் குந்துவோம்."

ஒன்பதரை மணிவாக்கில்தான் சேட்டிலைட் நம் தலைக்கு மேலே போகும் என்று ஆபீசரே சொல்லியிருக்கிறார். பஸ்ஸுக்கு ஓடினேன்.

"சார், அது தண்ணி இல்ல சார். மலை நெழலு."

அவர் லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார். மற்ற மலைகளுக்கும் அதே பக்கத்தில்தான் கறுப்பு இருந்தது.

"அப்புறம் ஏன்யா டிக் போட்ட?"

"நீங்க போடச் சொன்னீங்க சார்."

"சொன்னா போட்டுடுவியா?" என்றார். குரலில் கோபம் இல்லை. ரப்பரை எடுத்துக் குளத்தை அவரே அழித்தார். லிஸ்டை மறுபடி டைப் அடிக்கச் சொன்னார். அந்த ஊருக்கு போர்வெல் வந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். முடிந்தால், படம் எடுத்த அதே மணிக்குப் போய்ப் பாருங்கள். பயம் இருந்தால் இருக்கட்டும், எனக்குக் கடைசி வரை இருந்தது. டிக்கை மட்டும் பார்த்த பிறகு போடுங்கள்.